நெருஞ்சிப்பாளையத்தில் சராசரி இறங்கிய கதை

திருப்பூருக்கு மேற்கே, பதினெட்டு பனியன் கம்பெனிகளும் ஒரு மாரியம்மன் கோவிலும் ஆறுச்சாமியின் டீக்கடையும் உள்ள நெருஞ்சிப்பாளையத்தில், ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சராசரி இறங்கியது. மழை இறங்கும்போது வருகிற இரைச்சல் இல்லை, சாமி இறங்கும்போது அடிக்கிற உடுக்கையும் இல்லை. கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து வாராவாரம் வருகிற ஹெப்சிபா மேடம் அன்றைக்கும் ஜெயதாரிணி கார்மென்ட்ஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பதினெட்டு கம்பெனிகளின் பதிவேட்டிலும் பேர் உள்ளவர்கள் அந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று கூட்டி, அதை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, ஐம்பத்தாறு என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். கோடு போட்ட கையை எடுப்பதற்குள் பதிவேட்டில் பேர் இருந்த அத்தனை பேர் உடம்பிலும் ஐம்பத்தாறு மணி நேர அசதி, கூடாமல் குறையாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் எண்பது மணி நேரம் நின்று துணி தேய்த்த அயர்ன் மாஸ்டர் சுப்புராயன், கல்யாண வீட்டில் மத்தியானம் தூங்கி எழுந்தவர்போல நிமிர்ந்தார். ஜெயதாரிணி முதலாளி ராஜமாணிக்கத்தின் மச்சினன் லோகநாதன், சூப்பர்வைசர் என்று பதிவேட்டில் பேரை வைத்துக்கொண்டு காபி குடிக்க மட்டும் கம்பெனிக்கு வருகிறவன், அவினாசி ரோட்டில் காரை ஓரம் கட்டி, எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று அக்காவுக்குப் போன் போட்டு அழுதான். நாலு வருஷத்துக்கு முன்பே மலேசியா போய்விட்ட கதிர்வேலுவின் பேரை யாரோ அடிக்க மறந்திருந்தார்கள். அந்த மனுஷன் அங்கே பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபடியே, தான் பார்க்காத வேலையின் அசதி தாங்காமல் மாவின்மேலேயே சாய்ந்துவிட்டார் என்று பிற்பாடு தகவல் வந்தது.

அம்மன் நகர் மூன்றாவது வீதியில், பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீட்டில், துளசிமணி அந்த ஆறு மணிக்கும் சுவரில் முதுகைச் சாய்த்து டி-சர்ட்டுகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் முடிந்த துணியில் வால் வாலாகத் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுப்பது அவள் வேலை. காலையில் கம்பெனி வேன் மூட்டையை வாசலில் போட்டுவிட்டுப் போகும், மறுநாள் எடுத்துக்கொண்டு போகும். கட்டிங் மாஸ்டரான அவள் வீட்டுக்காரர் வீரக்குமார் அன்றைக்குப் பத்து வயது குறைந்தவர்போல வந்து, “ஏம் புள்ள, ஒடம்பு என்னமோ பஞ்சாட்டம் இருக்குது, உனக்கு?” என்று கேட்டார். துளசிமணி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இடுப்பு அதே இடுப்பு, கண்ணெரிச்சல் அதே கண்ணெரிச்சல், வலது கட்டைவிரலின் அடிமூட்டில் மிளகாய் தடவினாற்போன்ற எரிச்சலும் அதேதான். அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. அவள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை. மாரியம்மன் கோவில் பூசாரி, ஆத்தா எல்லாரையும் ஒரே படியில் அளக்கிறாள் என்றார். தொழிற்சங்கக்காரர், இதைத்தான் நாங்கள் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தன் பேரில் எழுதிக்கொண்டார். முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை அவசரமாகக் கூடிப் பேசி, திங்கட்கிழமை காலைக்குள் மச்சினன், மாமனார், சகலை, சகலையின் தம்பி என்று முப்பத்தாறு பேர்களைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். மிச்சம் சரியாக ஆயிரத்து நானூறு பேர். ராஜமாணிக்கம் தன் பேரையும் அடிக்கத்தான் பார்த்தார், ஆனால் வெளிநாட்டு விசாவுக்குச் சம்பளச் சீட்டு காட்ட வேண்டியிருந்ததால் முடியாமல் போயிற்று. அதனால் பதினெட்டு முதலாளிகளில் அவர் ஒருவருக்கு மட்டும் சனிக்கிழமை தவறாமல் கால் கடுத்தது.

வாரங்கள் போகப் போக ஊர் அதற்கேற்ப நடந்துகொள்ளப் பழகியது. சனிக்கிழமை ஆறு மணிக்கு யாரும் பைக் ஓட்டமாட்டார்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், ஏழாம் நம்பர் டவுன் பஸ் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே நிறுத்தத்தில் வந்து நின்றுகொள்ளும், கல்யாண வீட்டில் போட்டோக்காரர் ஐந்தரைக்கே மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லி முடித்துவிடுவார், ஆறு அடித்ததும் தெருவே ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி, பிறகு விடும். “இறங்கிருச்சுங்களா?” “இறங்கிருச்சுங்க. ஏழு ஷிப்ட்.” அங்கே மணிக்கணக்கில் யாரும் பேசமாட்டார்கள், எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், ஐம்பத்தாறு என்றால் ஏழு ஷிப்ட், அவ்வளவுதான். ஹெப்சிபா ஒருமுறை பயந்துபோய்க் கோடு போடாமல் பேனாவை மூடி வைத்துப் பார்த்தார். மனசுக்குள் வகுத்தல் முடிந்துவிட்டதால் சராசரி தன்பாட்டுக்கு இறங்கிவிட்டது.

இறங்கிய அசதி மொட்டையான அசதியாகவும் இருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்களின் தோளும், ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் குனிந்தே இருந்த பெண்களின் இடுப்பும், செக்கிங் பெண்களின் கண்ணும், அயர்ன்காரர்களின் முழங்கைச் சூடும் அதில் ஆளுக்கொரு சிட்டிகை கலந்திருந்தது. கட்டிங் மேஜையில் நாள் முழுக்க நிற்கிற ஆண்களுக்கு, மாத விலக்கு நாளிலும் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாத பெண்களின் அடிவயிறு தெரிந்தது. அதற்கப்புறம் நெருஞ்சிப்பாளையத்தில் மிஷின் பெண்களைப் பார்த்து ‘உக்காந்துதானே வேலை’ என்று யாரும் வாய் திறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவே பெரிய அதிசயம், அசதி இறங்கியதைவிடப் பெரிய அதிசயம்.

முதல் வருஷம் ஆடியில் உடம்புகள் லேசாக ஆரம்பித்தன. ஐம்பத்தாறு ஐம்பத்திரண்டாயிற்று, அடுத்தடுத்த வாரங்களில் நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து என்று இறங்கியது. ஊர் கொண்டாடியது. அப்பன்மார்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து பிள்ளைகளோடு பந்து விளையாடினார்கள், குடும்பம் குடும்பமாகக் கொடிவேரி அணைக்குப் போய் மீன் வறுவல் தின்று குளித்துவிட்டு வந்தார்கள், அறுபது வயது வாட்ச்மேன் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினார். பத்தாவது வாரம் மூன்று கம்பெனிகளில் தையல் லைன் நின்றது. இருநூறு பேரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், ஆர்டர் திரும்பி அவர்களை மறுபடி கூப்பிட அடுத்த தை ஆயிற்று.

ஆறுச்சாமியின் டீக்கடையில் கூட்டம் ஹெப்சிபாவைச் சூழ்ந்துகொண்டது. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரரான அவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் தப்புபோல, மெல்லச் சொன்னார்: “ஆர்டர் குறைஞ்சா எந்த முதலாளியும் எடுத்ததும் ஆளை அனுப்பமாட்டாங்க. பழகின ஆளு, பெறவு கிடைக்கமாட்டாங்கல்லா. அதனால முதல்ல நேரத்தைக் குறைப்பாங்க. அப்படியும் முடியலைன்னாத்தான் ஆளைக் குறைப்பாங்க. ஆர்டர் கூடினாலும் அப்படித்தான், முதல்ல இருக்கிற ஆளையே கூட நேரம் நிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க, பெறவுதான் புது ஆளு. அதுக்குத்தான் இந்த நம்பரை டெல்லி வரைக்கும் கேக்காங்க. நாட்டுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி இங்க தொட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்.”

டெல்லியில் காகிதத்தில் பார்க்கிறதை இந்த ஊர்க்காரர்கள் முழங்காலிலேயே பார்த்தார்கள். அன்றிலிருந்து லேசான உடம்பு என்றால் பயம். சனிக்கிழமை இறக்கம் கனமாக வந்தால் வீதிகளில் நிம்மதிப் பெருமூச்சு கேட்கும், எதிரே வருகிறவரிடம் “கனமா இருக்கீங்களா?” என்று விசாரிப்பார்கள், “கனந்தானுங்க, ஆத்தா புண்ணியம்” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே பதில் வரும். வெளியூருக்குப் பெண் பார்க்கப் போனால், உங்கள் ஊரில் இந்த மாதம் எத்தனை ஷிப்ட் இறங்கியது என்று பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கேட்டார்கள். ஓய்வாக இருக்கிறோமே என்று பயந்து நடுங்குகிற ஊரை வேறெங்கும் பார்க்க முடியாது. பயப்படாமலும் இருக்க முடியாது, சராசரி ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் புரட்டாசியில் மறுபடி லேசாகத் தொடங்கியது. ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தேழு, கடைசியில் நாற்பத்துநாலு, அதாவது ஐந்தரை ஷிப்ட். அவ்வளவு லேசாக அந்த ஊர் இருந்ததே இல்லை. ஆட்கள் நடக்கும்போது செருப்புச் சத்தமே கேட்கவில்லை. ஆளை அனுப்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று கட்டில் பீரோவை விற்றார்கள், பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கினார்கள், வாடகை வீட்டுச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீரக்குமாரும் முடிவெடுத்துவிட்டார்.

“ஊருக்கே போயர்லாம் புள்ள. மூலனூர்ல அப்பாரு காடு கெடக்குது. நாலு ஆட்டை மேச்சுக்கிட்டுக் கெடக்கலாம். தொரத்தற வரைக்கும் எதுக்கு உக்காந்திருக்கோணும்?”

“நிவேதிதா பதினொண்ணாவது படிக்கறாளுங்க. அங்க பள்ளிக்கூடம் பன்னெண்டு கிலோமீட்டர்.”

“எம் பொண்ணைப் படிக்க வெக்க எனக்கு ஆசையில்லியா? வேலையே இல்லாம எதை வெச்சுப் படிக்க வெக்கறது?”

“வேலை இல்லீன்னு ஆரு சொன்னா?” என்றாள் துளசிமணி. வாசலில் ஐந்து மூட்டை கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் மூன்று மூட்டைதான் வரும். பிசிறு வெட்டுவது மட்டும்தான் முன்பு, இப்போது பட்டன் கட்டுவது, லேபிள் வைப்பது, மடிப்பது எல்லாம் கம்பெனிக்குள்ளிருந்து வாசலுக்கு வந்துவிட்டது. விடிகாலை நாலரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி சோறு ஆக்க எழுந்திருப்பாள், மறுபடி உட்காருவாள். “கம்பெனில வேலை கொறஞ்சுதுன்னா எனக்கெப்படிங்க கூடுது? உங்களுக்குக் கொறஞ்சது பூராவும் இங்கதான் வந்து கெடக்குது.”

வீரக்குமார் அவளைப் பாவம் இவள் என்பதுபோலப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, மனைவிமேல் பிரியமுள்ளவர்தான், மல்லிகைப்பூ வாங்க மறக்காதவர். “அது வேலையா புள்ள? ஊட்ல உக்காந்துக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டு நூல் வெட்டறது. இருந்தாச் சராசரில வந்திருக்கும்ல? சராசரி பொய் சொல்லுமா?”

துளசிமணிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை, சராசரி பொய் சொல்லாது. அதனிடம் யாரும் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அவள் ஆறுச்சாமி டீக்கடைக்குப் போனாள். பொம்பளைகள் அந்தக் கடையில் உட்காருவது வழக்கமில்லை, அவள் உட்கார்ந்தாள். எதிரே, அந்த வாரக் கணக்கெடுப்பைத் தொடங்க வந்திருந்த ஹெப்சிபா டீயும் கையுமாகப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மேடம், வாரத்துக்கு நான் பதினோரு ஷிப்ட் பாக்கறனுங்க. எம்பத்தெட்டு மணி நேரம். என்னைய எழுதிக்குங்க.”

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தார். “நீங்க எந்தக் கம்பெனிம்மா?”

“எந்தக் கம்பெனியும் இல்லீங்க. எல்லாக் கம்பெனி மூட்டையும் வரும். எங்க வீதில மட்டும் இருபத்தஞ்சு பேர் இருக்கறமுங்க, ஊர் பூராவும் எத்தனையோ.”

ஹெப்சிபா படிவத்தைத் திருப்பினார். ஐந்தாம் பத்தி. வேறு வகையில் இந்நிறுவனத்துக்காக வேலை செய்பவர்கள் உண்டா, உண்டெனில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம். வாராவாரம் பதினெட்டு கம்பெனியிலும் அவர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், வாராவாரம் பதினெட்டு மேனேஜர்களும் ‘இல்லீங்க மேடம், பிஸ்கட் எடுத்துக்குங்க’ என்றிருக்கிறார்கள், அவரும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். எத்தனை வாரம் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். நூற்றைம்பது வாரம், பதினெட்டு கம்பெனி, இரண்டாயிரத்து எழுநூறு ‘இல்லை’. எண்ணிப் பழகிய அந்தப் பெண்மணிக்கு, தான் எழுதிய ‘இல்லை’ ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்து, டீயைக் கீழே வைத்தார்.

“ஒரு ஆளு சொல்லி எழுதினா எங்க ஆபீசுல கிழிச்சுப் போட்டுருவாங்க. அத்தனை பேரும் சொன்னா எழுதாம இருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரும் நேரமும் கொண்டு வாரீங்களா?”

நெருஞ்சிப்பாளையத்தில் வீதிக்கொரு மகளிர் குழு உண்டு, குழுவுக்கொரு தலைவி உண்டு, தலைவிக்குத் தெரியாத பேர் அந்த வீதியில் கிடையாது. அதனால் பேர் சேர்ப்பது இரண்டே நாளில் முடிந்துவிட்டது, எழுநூறு பேர். நேரம் கேட்கப் போனபோதுதான் விழுந்தது முட்டுக்கட்டை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் எழுநூறு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “நானுங்களா? நான் ஊட்ல சும்மாதானுங்க இருக்கறேன்.” மடியில் துணியும் கையில் கத்தரியுமாக, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்.

துளசிமணி வாசல் வாசலாக உட்கார்ந்து அந்தச் ‘சும்மா’வைப் பிரித்து எடுத்தாள். பால்காரர் மணி அடிக்கிற போது எத்தனை துணி முடிந்திருந்தது, ஸ்கூல் வேன் வந்தபோது எத்தனை, குழாயில் நல்ல தண்ணீர் வந்து நின்றபோது எத்தனை, மத்தியான சீரியல் மூன்றும் ஓடி முடிந்தபோது எத்தனை, கரண்ட் போய்ச் சிம்னி விளக்கு வைத்து வெட்டியது எத்தனை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மடியில் போட்டுக்கொண்டே வெட்டியது எத்தனை, கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பட்டுச்சேலையை மாற்றாமலே வெட்டியது எத்தனை என்று கேட்டுக் கேட்டு, பால்காரரையும் ஸ்கூல் வேனையும் குழாய்த் தண்ணீரையும் மணி நேரமாக மாற்றிச் சொல்லச் சொல்ல, பெண்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணையே வெறித்துப் பார்த்தார்கள். எட்டு ஷிப்ட், பன்னிரண்டு ஷிப்ட், பதிமூன்று. நாலாவது வீதி ஜரினா தன் எண்ணைக் கேட்டுவிட்டு, “இது நானா?” என்று இரண்டு தடவை கேட்டாள். எழுநூறையும் கூட்டி வகுத்தபோது ஆளுக்கு எண்பத்தெட்டு மணி நேரம் வந்தது. துளசிமணி தன்னைப் பற்றிச் சொன்ன அதே பதினோரு ஷிப்ட். தான் தனியாள் இல்லை என்ற நினைப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் விஷயம் தெரிந்து ராஜமாணிக்கம் பெஞ்சுக்கே வந்துவிட்டார். “மேடம், அவிங்க நம்மாளுங்களே இல்லீங்க. ஊட்ல பொழுது போகாம ஏதோ பண்றாங்க. அதையெல்லாம் போய் வேலைன்னு எழுதுவாங்களா?”

“எழுதிட்டேன் சார். கூட்டல்தான் பாக்கி,” என்றார் ஹெப்சிபா.

அதே நேரத்தில் லைன் வீட்டில் வீரக்குமார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் மகளின் டி.சி. மடித்து வைத்திருந்தது. ஏழு மணிக்கு மூலனூர் பஸ். பாத்திரமும் துணியும் அடைத்த இரும்புப் பெட்டியை, ஐந்தரை ஷிப்ட் லேசில், ஒற்றைக் கையால் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ பார்த்து வருகிறேன் என்று தெருமுனைக்குப் போனார். நிவேதிதா சீருடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்க்கத் தைரியமில்லாமல், துளசிமணி கடைசி மூட்டையின் கடைசிச் சட்டையை எடுத்தாள். ஹெப்சிபா எழுதினாலும் இறங்குமா, இறங்கினாலும் தனக்கு இறங்குமா, அவளுக்கு எதுவும் தெரியாது. கோவில் மணி ஆறு அடித்தது.

ஊர் முழுக்க ஆயிரத்து நானூறு பேர் நின்ற இடத்தில் உட்கார்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு காத்திருந்தவர்கள் மூட்டைமேலேயே உட்கார்ந்தார்கள். முதலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள். கட்டைவிரலின் அடிமூட்டில் ஓர் எரிச்சல். இரண்டே முக்கால் வருஷமாக இறங்கிய எந்தச் சனிக்கிழமையிலும் இல்லாத வலி, மூட்டை தூக்கியவருடையதும் இல்லை, மிஷின் ஓட்டியவருடையதும் இல்லை. சுப்புராயன் தன் விரலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, “கத்திரி,” என்றார். “இது கத்திரிக்கோலு.” அந்தச் சொல் வாய்க்கு வாய் தாவிப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தது, ஆண்கள் தலை குனிந்தார்கள், அழவும் செய்தார்கள், கூடவே சிரித்தார்கள், ஏனென்றால் ஊர் கனத்துவிட்டது, கனம் என்றால் வேலை இருக்கிறது, ஏழு ஷிப்டுக்கும் மேலே இருக்கிறது, வேலை ஊரை விட்டுப் போகவே இல்லை, அவரவர் வீட்டு வாசலில்தான் இருந்திருக்கிறது. மூலனூர் பஸ் வந்து நின்றபோது ஏற ஆளில்லை.

ஜெயதாரிணி வாசல் படியில் ராஜமாணிக்கம் தன் கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பொழுதுபோக்குக்கு இப்படி வலிக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹெப்சிபா கோட்டுக்கு மேலே இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு. பதிவேட்டுக்காரர்கள் பார்த்ததும் எழுநூறு பெண்கள் பார்த்ததும் மணிக்கணக்கில் சரிபாதியாக நின்றது. ஊர் வேலையில் பாதியை இத்தனை நாளும் அவர் ‘இல்லை’ என்று எழுதி வந்திருக்கிறார்.

துளசிமணி செத்துப்போய்விட்டதாக நினைத்தாள். உடம்பிலிருந்து ஒவ்வொன்றாக யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள், கழுத்திலிருந்து, இடுப்பிலிருந்து, கண்ணுக்குப் பின்னாலிருந்து, விரலிலிருந்து. மிச்சமிருந்தது அவளுக்குப் புதுசு, பாதத்தில் ஒரு கடுப்பு, நாள் முழுக்க மேஜைமுன்னால் நிற்கிறவர்களின் கடுப்பு. கத்தரி கையிலிருந்து நழுவியது. “நிவே, என்னையத் தொட்டுப் பாரு சாமி,” என்றாள். மகள் பயந்துபோய் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். கன்னம் சூடாகத்தான் இருந்தது, கண்ணீரால் நனைந்தும் இருந்தது.

வீரக்குமார் ஆட்டோ இல்லாமல் திரும்பி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வாசற்படியில் நின்றவர், அவளையும் கீழே கிடந்த கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதோடயா நீ எனக்குச் சோறாக்கிப் போட்டே?”

“ஆமாங்க.”

“எத்தனை நாளா?”

“ஒம்போது வருசமா.”

அவர் பையிலிருந்த டி.சி.யை எடுத்து மகளிடம் நீட்டி, “திங்கக்கெழமை டீச்சர்கிட்டத் திருப்பிக் குடுத்துரு, அப்பன் தெரியாம வாங்கிட்டான்னு சொல்லு,” என்றார். வாசலில் கிடந்த பெட்டியை உள்ளே கொண்டுபோகக் குனிந்தார். மத்தியானம் ஒற்றைக் கையில் வந்த பெட்டி, இப்போது இரண்டு கையாலும் இழுத்தும் தரையை விட்டு எழும்பவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தள்ளுங்க,” என்றாள் துளசிமணி. எழுந்து வந்து, பெட்டியின் இரண்டு காதையும் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் பரணில் ஏற்றினாள். தூசியைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது வீரக்குமார் வாய் பிளந்து நின்றிருந்தார்.

“ரெண்டு பேருக்கும் எறங்குனது ஒண்ணுதானே புள்ள? அதே ஏழு ஷிப்ட் சொச்சந்தானே? உன்னால மட்டும் எப்படி?”

துளசிமணி கைகளை விரித்து, இவ்வளவு நாளும் தன்னிடம் இருந்தவைதானா என்று பார்த்தாள்.

“எனக்கு இது லீவு மாதிரி இருக்குதுங்க,” என்றாள்.